பிரசவப் பையும் தீர்மான நோட்டும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. பிறந்த ஊர் குறிஞ்சிப்பாடி பக்கம். வாக்கப்பட்டது குமராட்சி பக்கம். ரெண்டு பிள்ளைங்க. விழாவுல பேசணும்னு தலைவி அக்கா சொன்னப்ப, கடன், தொழில், சந்தைன்னு பேச நிறைய பேர் இருக்காங்க, நீ வீட்டு விஷயமா ஏதாவது சொல்லுன்னாங்க. அதனால பிரசவத்துக்குப் போறப்ப எடுத்துட்டுப் போற பையைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

பைதானே, இதுல பேச என்ன இருக்குன்னு சில பேர் சிரிக்கிறீங்க. எங்க ஆயா காலத்துல பை கிடையாது. வீட்டுலயே பிரசவம். மருத்துவச்சி வருவாங்க. வெந்நீர், பழைய வேட்டி, விளக்கு எல்லாம் வீட்டுலயே இருக்கும். இன்னைக்கு தமிழ்நாட்டுல நூத்துக்கு 99 பிரசவத்துக்கு மேல ஆஸ்பத்திரியிலதான் நடக்குது. இது பெரிய முன்னேற்றம். ஆனா ஆஸ்பத்திரியில டாக்டர் இருப்பாங்க, மருந்து இருக்கும். நம்ம துணி, நம்ம காகிதம், நம்ம காசு, நம்ம ஆள் இதெல்லாம் நாமதான் கொண்டு போகணும். வீட்டுல இருந்ததை எல்லாம் ஒரு பைக்குள்ள அடக்கிக் கொண்டு போறோம்.

செவிலியர் அம்மா ஒரு கூட்டத்துல சொன்னது என் மனசுல நின்னுடுச்சு. பிரசவத்துல தாய் ஏன் இறந்து போறாங்கன்னு 1994-ல ரெண்டு பெண்கள் ஆராய்ஞ்சு எழுதினாங்களாம். அதுல மூணு தாமதம் சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு முடிவு எடுக்கிறதுல ஆகிற தாமதம் ஒண்ணு. போய்ச் சேர்றதுல ஆகிறது ரெண்டாவது. போன இடத்துல சிகிச்சை தொடங்குறதுல ஆகிறது மூணாவது. மூணாவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி கையில இருக்கு. முதல் ரெண்டும் நம்ம வீட்டு வாசல்ல நடக்கிறது. நோட்டு எங்கே, காசு யார்கிட்ட இருக்கு, மாமியார் வரட்டும், ராகு காலம் முடியட்டும்னு அரை மணி அரை மணியா போகுது. அதனால நான் சொல்றேன், நல்ல நேரம் பாத்து பையைக் கட்டி வெச்சிடுங்க. அதுக்கப்புறம் வலி வர்ற நேரம்தான் நல்ல நேரம்.

எங்க தெருவுல நடந்ததை ஒண்ணு சொல்றேன். பேர் சொல்லல. தலைப்பிரசவத்துக்கு தாய்வீட்டுக்கு வந்த பொண்ணு. வளைகாப்பு முடிஞ்சு புருஷன் ஊர்ல இருந்து கூட்டிட்டு வந்தாங்க. வளையல், புடவை, சீர்த்தட்டு எல்லாம் வந்துது. கர்ப்பகால நோட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் அங்கேயே பீரோவுல இருந்துடுச்சு. நாள் இன்னும் மூணு வாரம் இருக்குன்னு இருந்தாங்க. ஒரு ராத்திரி பதினோரு மணிக்குப் பனிக்குடம் உடைஞ்சுடுச்சு. அந்தப் பதட்டத்துல 108-க்குக் கூப்பிடணும்னு யாருக்கும் தோணல. வாடகைக் கார் தேடினாங்க. அந்த அம்மா நம்மள மாதிரி குழு உறுப்பினர். குழுவுல அவங்க சேமிப்பு இருக்கு, உள்கடனுக்குப் பணமும் இருக்கு. ஆனா கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்து போட்டு, பேங்க் திறந்த பிறகுதானே பணம் எடுக்க முடியும்? ராத்திரி பதினோரு மணிக்கு வட்டிக்காரர் வீட்டுக் கதவுதான் திறந்துது. எட்டாயிரம் ரூபாய், பத்து வட்டி. அப்படின்னா மாசம் எண்ணூறு ரூபாய் வட்டி மட்டும்.

ஆஸ்பத்திரியில நோட்டு இல்லாததால ரத்த குரூப்ல இருந்து எல்லா டெஸ்டும் மறுபடி எடுத்தாங்க. பொண்ணுக்கு ரத்தம் கம்மி. ஒரு யூனிட் ஏத்த வேண்டி வந்துது. தாயும் பிள்ளையும் நல்லபடியா வந்துட்டாங்க, அது கடவுள் புண்ணியம். ஆனா அந்த எட்டாயிரத்தை அடைக்க அந்த அம்மாவுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. குழுவுல சந்தா கட்ட முடியாம கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. ஒரு பை கட்டாததால ஒரு உறுப்பினரையே நாம இழக்கப் பாத்தோம். அதனாலதான் இதைக் குழு விஷயம்னு சொல்றேன்.

இப்ப பைக்குள்ள என்ன இருக்கணும்னு சொல்றேன். ஏழாம் மாசம் முடியறதுக்குள்ள கட்டிடணும்.

முதல்ல காகிதம். தண்ணி புகாத ஒரு பிளாஸ்டிக் கவர்ல எல்லாத்தையும் போடணும். கர்ப்பகால நோட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, கணவன் மனைவி ரெண்டு பேர் ஆதார், குடும்ப அட்டை, நம்ம பேர்ல இருக்கிற பேங்க் பாஸ்புக், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ். கவர் மேல பெரிய எழுத்துல மூணு விஷயம் எழுதுங்க: ரத்த குரூப், 12 இலக்க பிக்மி எண், கிராம செவிலியர் போன் நம்பர். நமக்கு மயக்கம் வந்தாலும் அந்தக் கவர் பேசும். பிக்மி எண் கர்ப்பத்தைப் பதிவு பண்ணும்போது கொடுப்பாங்க. மூணு மாசத்துக்குள்ள பதிவு பண்ணிடணும். குழந்தையோட பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண் வேணும். தாய்வீட்டுக்குப் போற பொண்ணுங்க, வளையலை மறந்தாலும் பரவாயில்ல, இந்தக் கவரை மறக்கக் கூடாது. போன ஊர்ல உள்ள செவிலியர்கிட்டேயும் வந்திருக்கேன்னு சொல்லிடணும்.

அந்தக் கவருக்குள்ளேயே இன்னொரு தாள் வைங்க. அதுல அம்மா பேர், அப்பா பேர், இனிஷியல், முகவரி இதெல்லாம் ஆதார்ல இருக்கிற அதே எழுத்துல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி வைங்க. பிறப்புப் பதிவுக்கு விவரம் கேக்கும்போது தூக்கக் கலக்கத்துல யாராவது ஒருத்தர் வாயால சொல்வாங்க. கேக்கிறவங்க காதுல விழுந்த மாதிரி எழுதுவாங்க. ஒரு எழுத்து மாறினா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது அலையற அலைச்சல் உங்களுக்கே தெரியும். பிறந்து 21 நாளுக்குள்ள பதிவு பண்ணினா கட்டணம் கிடையாது. பிள்ளைக்குப் பேர் வைக்காம பதிவு பண்ணியிருந்தா, ஒரு வருஷத்துக்குள்ள பேரைச் சேர்க்கிறதுக்கும் காசு கிடையாது.

அடுத்து தாய்க்கு. முன்பக்கம் ஜிப் வெச்ச நைட்டி மூணு, பால் கொடுக்க வசதியா இருக்கும். நாடா வெச்ச உள்பாவாடை ரெண்டு மூணு, அடர் கலர்ல. உள்ளாடை, பெரிய சைஸ் நாப்கின் ரெண்டு பாக்கெட், துண்டு ரெண்டு, போர்வை, விரிப்பு. சீப்பு, ரப்பர் பேண்ட், சோப்பு, பல்விளக்க பிரஷ், வழுக்காத செருப்பு. பிளாஸ்க், டம்ளர், தட்டு, ஸ்பூன், பிளாஸ்டிக் மக்கு. போன் சார்ஜர். கூட இருக்கிறவங்களுக்கு ஒரு பாய், ஒரு மாத்துத் துணி, பிஸ்கட், பேரீச்சம்பழம். பிள்ளை பெத்தவளைப் பாத்துக்கிறவங்க பசியில விழுந்துட்டா அவங்களை யார் பாத்துக்கிறது?

பிள்ளைக்கு என்ன எடுக்கிறதுன்னு வரும்போதுதான் வீட்டுல சண்டை வரும். "பொறக்காத பிள்ளைக்குத் துணி எடுக்கக் கூடாது"ன்னு பெரியவங்க சொல்வாங்க. எங்க அத்தையும் சொன்னாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் வரல. எத்தனையோ பிள்ளைங்க பிழைக்காம போன காலத்தைப் பாத்தவங்க, ஆசையா எடுத்த துணியை வெச்சுக்கிட்டு அழுதவங்க, அந்தப் பயத்துல சொல்றாங்க. நான் என்ன பண்ணினேன்னா, "அத்தை, புதுசு எதுவும் வேணாம். உங்க பழைய நூல் புடவையும் மாமாவோட பழைய வேட்டியும் கொடுங்க"ன்னு கேட்டேன். அவங்களே எடுத்துக் கொடுத்தாங்க. அவங்களே வெந்நீர்ல அலசி, நல்ல வெயில்ல காயவெச்சு, சதுரம் சதுரமா கிழிச்சு மடிச்சும் கொடுத்தாங்க. சாஸ்திரமும் நின்னுது, பையும் நிறைஞ்சுது. பிள்ளை உடம்புக்கும் பழைய நூல் துணிதான் மெத்துனு இருக்கும். அந்தத் துணி ஒரு பத்துப் பன்னிரண்டு, ஒரு தொப்பி, காலுறை, போர்த்த ஒரு தடிமன் துண்டு, ஒரு ரப்பர் ஷீட் போதும். மார்கழிப் பனியில பிறக்கிற பிள்ளைக்குத் தொப்பி ரொம்ப முக்கியம். பிள்ளைக்குச் சூடு தலை வழியாத்தான் சீக்கிரம் இறங்கும்.

அரசு ஆஸ்பத்திரியில பிறக்கிற குழந்தைக்காக 2015-ல குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம்னு 16 பொருளோட ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. துண்டு, சட்டை, கொசுவலை, சோப்பு, தாய்க்கு சௌபாக்கிய சுண்டி லேகியம் எல்லாம் அதுல உண்டு. அந்த மாதிரி எது கொடுத்தாலும் சந்தோஷமா வாங்கிக்கலாம். ஆனா பிறந்த அந்த நிமிஷம் பிள்ளையைத் துடைச்சுப் போர்த்த துணி நம்ம கையில இருக்கணும்.

பையில வைக்கக் கூடாததையும் சொல்லிடறேன். பால் புட்டி வேணாம். தேன் வேணாம், சர்க்கரைத் தண்ணி வேணாம், கழுதைப் பால் வேணாம், வசம்பு வேணாம், கண் மை வேணாம். சேனை வைக்கணும்னு ஒரு தாத்தாவோ அத்தையோ தேனோட வருவாங்க. ஒரு வயசு வரைக்கும் பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள தாயோட சீம்பால் கொடுக்கணும். அதுதான் பிள்ளைக்கு முதல் தடுப்பூசி மாதிரி. பெரியவங்க மனசு நோகாம, "சேனையை நீங்க பிள்ளை நெத்தியில தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க தாத்தா"ன்னு சொல்லிடுங்க. நகையும் வேணாம். ஆபரேஷன்னு ஆச்சுன்னா எல்லாத்தையும் கழட்டச் சொல்வாங்க. அந்த நேரம் சங்கிலியை யார்கிட்ட கொடுத்தோம்னு தேடிக்கிட்டு இருக்கக் கூடாது. நகப்பாலிஷும் கூடாது. விரல்ல மாட்டுற கருவி சரியா காட்டாது.

அடுத்தது காசு. அரசு ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குக் காசு கிடையாது. 2011 ஜூன் மாசத்துல இருந்து நாடு முழுக்க இருக்கிற திட்டப்படி பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், டெஸ்ட், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பி வர்ற வண்டி எல்லாம் இலவசம். போறதுக்கு 108, குழந்தையோட திரும்பறதுக்கு 102. இதைத் தெரிஞ்சு வெச்சிருந்தா பாதிப் பயம் போயிடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல இருக்கிற மகப்பேறு நிதியுதவித் திட்டத்துல ரொக்கம் 14,000 ரூபாய், 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகம், ஆக மொத்தம் 18,000 ரூபாய். அந்த அம்மா 1886-ல புதுக்கோட்டையில பிறந்து டாக்டருக்குப் படிச்சு, 1927-ல சென்னை சட்ட மேல்சபைக்குப் போன முதல் பெண். அவங்க பேரைச் சொல்லி வர்ற பணம் நம்ம கணக்குலதான் வரும். ஆனா அது தவணை தவணையா வர்ற பணம். வலி வந்த ராத்திரிக்கு உதவாது. அன்னைக்கு டீ, சாப்பாடு, ஆட்டோ, வெளியில வாங்கற சாமான், கூட இருக்கிறவங்களோட கூலி இழப்பு இதுக்கெல்லாம் கையில இருக்கணும். பத்து, இருபது, அம்பது ரூபாய் நோட்டா மாத்தி ஒரு சின்னப் பர்ஸ்ல போட்டு பையிலேயே வெச்சிடுங்க.

ஆளையும் முன்கூட்டியே முடிவு பண்ணணும். கூட வர்றது யார்? பிரசவ அறையில கூட இருக்க ஒரு பெண் துணையை அரசு ஆஸ்பத்திரியில விடறாங்க. அலறாம, தைரியமா கையைப் பிடிச்சுக்கிறவங்களா பாத்துச் சொல்லி வைங்க. அவங்க வரமுடியாட்டி ரெண்டாவது ஆள் யார்? மூத்த பிள்ளை யார் வீட்டுல தூங்கும்? மாட்டுக்குத் தண்ணி யார் காட்டறது? ரத்தம் கொடுக்க ரெண்டு பேர் யார்? 108 வந்தா மெயின் ரோட்டுல டார்ச் லைட்டோட நிக்கிறது யார்? நம்ம ஊர்ல வீட்டு நம்பர் சொன்னா யாருக்கும் தெரியாது. மாரியம்மன் கோயில், தண்ணி டேங்க், பாலத்துக்கு அந்தாண்டைன்னு அடையாளம் சொல்லணும். அதையும் எழுதி வைங்க.

நம்ம கடலூர் மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில நாள் இருந்தா மழையையும் சேர்த்துப் பாக்கணும். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 கடைசியில ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும், எல்லாம் நாம பட்டதுதான். என் சின்னவன் அந்த 2015 கார்த்திகையில பிறந்தவன். எங்க ஊர் மண்ரோட்டுல முழங்கால் தண்ணி. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுலயே நின்னுடுச்சு. என் வீட்டுக்காரர் பையைத் தலையில வெச்சுக்கிட்டார், எங்க குழு அக்கா ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க, அப்படியே நடந்து போனோம். கவர் பிளாஸ்டிக்ல இருந்ததால ஒரு காகிதம் நனையல. பை தயாரா இருந்ததால வலி வந்து கால் மணியில கிளம்பினோம். புயல் எச்சரிக்கை வந்தா, நாள் நெருங்கினவங்களை முன்னாடியே ஆஸ்பத்திரியில சேர்க்கச் செவிலியர் அம்மா வந்து கூப்பிடுவாங்க. பிச்சாவரம், கிள்ளை பக்கத்து தங்கச்சிங்க, கொள்ளிடக் கரையில இருக்கிறவங்க, "மழை வரட்டும் பாக்கலாம்"னு சொல்லாதீங்க. உடனே கிளம்புங்க. மழை வந்த பிறகு ரோடு இருக்காது.

எந்த ஆஸ்பத்திரின்னும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். சாதாரணப் பிரசவம்னா பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையமே போதும். ரத்தக் கம்மி, பிரஷர், சர்க்கரை, முன்னாடி ஆபரேஷன் ஆனவங்க, ரெட்டைப் பிள்ளை இப்படி இருந்தா சிதம்பரம் அண்ணாமலை நகர்ல இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, கடலூர் தலைமை மருத்துவமனையான்னு டாக்டர்கிட்ட எட்டாம் மாசத்துலயே கேட்டு, கவர் மேல எழுதிடணும்.

ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. ரத்தம் போனா, பனிக்குடம் உடைஞ்சா, தலைவலியோட கண் மங்கினா, முகம் வீங்கினா, வலிப்பு வந்தா, காய்ச்சல் அடிச்சா, பிள்ளை அசைவு குறைஞ்சா, பை இருக்கா இல்லையான்னு பாக்கக் கூடாது. கட்டின துணியோட கிளம்பணும். பையை யாராவது பின்னாடி கொண்டு வரலாம்.

பிள்ளை பிறந்த சந்தோஷத்துல பையை மூடிடாதீங்க. சுகப்பிரசவம்னாலும் ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் வரணும். தாய்க்கு ரத்தப்போக்கு வர்றது முதல் நாள்லதான் அதிகம். கிளம்பறதுக்கு முன்னாடி பிள்ளைக்கு பி.சி.ஜி. ஊசி, மஞ்சள் காமாலை ஊசி, போலியோ சொட்டு மருந்து போட்டாச்சான்னு அட்டையைப் பாத்து அதே கவர்ல போடுங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன்.

ஒண்ணு. குழுவுல ஒரு உறுப்பினரோ உறுப்பினர் மகளோ மருமகளோ கர்ப்பமா இருந்தா, ஏழாம் மாசக் கூட்டத்துலயே பிரசவ அவசரக் கடன்னு தீர்மான நோட்டுல எழுதிடணும். எவ்வளவுங்கிறதை அந்தந்தக் குழு முடிவு பண்ணட்டும். எட்டாம் மாசம் பணத்தை எடுத்து அந்த வீட்டுக் கையில கொடுத்துடணும். செலவாகலைன்னா திருப்பிக் கட்டட்டும். நம்ம வட்டி நூத்துக்கு ஒண்ணோ ஒண்ணரையோ. வட்டிக்காரர் வட்டி பத்து. வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

ரெண்டு. அங்கன்வாடியில சமுதாய வளைகாப்பு நடக்கிறப்ப நாம வளையல், சாதம் எல்லாம் கொண்டு போறோம். இனிமே ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு துணிப்பையும் ஒரு பிளாஸ்டிக் கவரும் சேர்த்துக் கொடுப்போம். நம்ம தையல் குழு அக்காங்க தைச்சா அவங்களுக்கும் வேலை. பைக்குள்ள நான் சொன்ன பட்டியலை ஒரு தாள்ல எழுதிப் போட்டுடலாம்.

மூணு. எட்டாம் மாசத்துல குழுவுல இருந்து ரெண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய் பையை ஒரு தடவை பிரிச்சுப் பாக்கணும். குறை கண்டுபிடிக்கப் போகலைன்னு சொல்லிட்டுப் போங்க. கவர் இருக்கா, கூட வர்ற ஆள் யாருன்னு தெரியுதா, 108 எங்க வந்து நிக்கணும்னு தெரியுதா, இந்த மூணையும் கேட்டாலே போதும். கணவனும் மாமியாரும் வீட்டுல இருக்கிற நேரமா பாத்துப் போங்க. கிளம்பற முடிவு அவங்க வாயிலதான் இருக்கு.

நாம வாரா வாரம் பத்து ரூபாய், இருபது ரூபாய்னு சேர்த்தது ஒருத்தருக்கு ஒருத்தர் ஆபத்துல நிக்கத்தான். ஆடு வாங்கக் கடன் கொடுக்கிறோம், கடை வைக்கக் கடன் கொடுக்கிறோம். ஒரு பொண்ணு உயிரோட போய் ரெண்டு உயிரா திரும்பி வர்றதுக்கும் அதே நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்குவோம். இந்தக் கூட்டம் முடியறதுக்குள்ள தலைவி அக்கா இதை எடுத்துக்கிட்டு, அடுத்த மாசக் கூட்டத்துல எந்தெந்தக் குழு தீர்மானம் போட்டிருக்குன்னு படிச்சுக் காட்டணும்னு கேட்டுக்கறேன்.